மூன்று பூட்டுப் பெட்டி

பெட்டியை உடைத்த அன்று கோயிலுக்குள் இருந்தவர்கள்: பெட்டியைச் செய்த மேஸ்திரி, இரண்டாம் சாவி வைத்திருந்த ராஞ்சிக்காரர் தோமா தாதா, ரஹ்மத்தம்மா, என் அப்பா, இன்னும் எட்டு வீட்டு ஆண்களும் பெண்களும், அப்புறம் நான். பள்ளிக்கூடத்தில் என் நாற்காலியில் தாசில்தார் உட்கார்ந்திருந்தார். அவர் வந்த மோட்டார் போட் படகுத்துறை ஜெட்டியில் நின்றது. வராதவர் ஒரே ஒருவர், மூன்றாம் சாவிக்காரர். லாங் ஐலண்டில் இருப்பார் என்று ஆள் அனுப்பினோம். முந்தின நாளே போர்ட் பிளேருக்குக் கப்பல் ஏறிவிட்டார் என்று ஆள் திரும்பி வந்தான்.

எங்கள் ஊரில் இப்போது மேஸ்திரியைப் பற்றிப் பேச்சு வந்தால், “அந்தப் பிடிவாதக்காரன்” என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். அவரோடு மூன்று வருஷம் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்தவன் நான். என்னால் அப்படி முடிக்க முடியவில்லை.

மேஸ்திரி ரங்கூனில் மரமில்லில் இருந்தவர். பர்மாவிலிருந்து எல்லாரும் திரும்பியபோது அவரும் ஒரு தகரப் பெட்டியோடு கப்பலேறி, மதராசில் நிற்க இடமில்லாமல் இங்கே வந்து சேர்ந்தார். தனி ஆள். ஒல்லியான உடம்பு, மணிக்கட்டு மட்டும் பெரிது. எதைப் பார்த்தாலும் முதலில் அதன் மூட்டைத்தான் பார்ப்பார். நாற்காலி கொடுத்தால் உட்காருவதற்கு முன்னால் குனிந்து காலைப் பார்ப்பார்.

தகரப் பெட்டியில் உளிகளும், அட்டை போன ஒரு இங்கிலீஷ் புத்தகமும் இருந்தன. சண்டை வந்து ஓடும்போது மில் துரை மேசைமேல் விட்டுப்போன புத்தகமாம். ஐந்நூறு அறுநூறு வருஷத்துக்கு முன்னால் சீமையின் பட்டிக்காடுகளில் கட்டிய சின்னச் சின்னக் கோயில்களைப் பற்றியது. பக்கத்துக்குப் பக்கம் கோட்டுப் படம். கூரைச் சட்டங்கள் ஒன்றையொன்று எப்படிக் கவ்வுகின்றன, மணிக்கூண்டை எப்படித் தாங்குகிறார்கள், பெஞ்சின் ஓரத்தில் என்ன செதுக்குகிறார்கள் என்று எல்லாம் அதில் இருந்தது. மேஸ்திரிக்கு இங்கிலீஷில் ஓர் எழுத்தும் தெரியாது. ஆனால் எந்தப் படம் எந்தப் பக்கத்தில் என்று கண்ணை மூடிக்கொண்டு திருப்புவார்.

ஊரில் காட்டு வேலைக்கு ராஞ்சிப் பக்கமிருந்து வந்த ராஞ்சிக்காரர்களும் தமிழர்களுமாக இருபது வீடு கிறிஸ்தவர்கள். அவர்கள் கோயில் கட்ட வன இலாகாவில் குர்ஜன் மரத்துக்குப் பர்மிட் வாங்கியபோது, அவர்களில் ஒருவரான மேஸ்திரி அந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து விரித்தார். நான் அப்போதுதான் போர்ட் பிளேரில் பள்ளிப்படிப்பு முடித்திருந்தேன். அங்கே ஜங்லிகாட் என்ற பேட்டையில் ஒரு உறவுக்காரர் கடையில் மூட்டைகளுக்கு நடுவே படுத்துப் படித்தவன். எங்கள் வம்சத்தில் பேனா பிடித்த முதல் ஆள். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராகப் போட்டிருந்தார்கள். நாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லை. ஆனாலும் மேஸ்திரி என்னிடம்தான் வந்தார்.

“வாத்தியார் தம்பி, படம் எனக்குத் தெரியும். பக்கத்துல என்ன எழுதியிருக்குன்னு நீ சொல்லணும்.”

எனக்குக் காது குளிர்ந்தது. அதற்குமுன் யாரும் என்னிடம் எதையும் கேட்டதில்லை.

கோயில் எழுந்தது. கல் கிடையாது, அதனால் சுவரை இரட்டைப் பலகையில் வைத்தார். சீமைக் கோயிலின் கற்சுவர் கனம் வராவிட்டாலும் நிழலாவது வரட்டும் என்றார். கிழக்குப் பார்த்த பீடம். ஜனங்களுக்கு நீண்ட கூடம். கூடம் முடியுமிடத்தில் ஒரு வளைவு, அதைத் தாண்டித் தாழ்ந்த கூரையோடு பீடத்துக்கென்று ஒரு சின்ன அறை. இரண்டுக்கும் நடுவில் ஆள் உயரத்துக்கு மேலாக ஒரு மரத்தடுப்பு. அதன் கீழ்ப்பாதி பலகை, மேல்பாதி கொடியும் இலையுமாகச் செதுக்கிய சல்லடை. மேற்கு வாசலை ஒட்டி ஞானஸ்நானத் தொட்டி, ஒரே மரத்தில் குடைந்து உள்ளே ஈயத்தகடு அடித்தது. கூடத்தில் பெஞ்சு கிடையாது. அந்தக் காலத்தில் ஜனங்கள் நின்றுகொண்டுதான் பூசை கண்டார்கள், முடியாதவர்கள் மட்டும் சுவரோரம் சாய்ந்துகொள்வார்கள் என்று நான் படித்துச் சொல்லியிருந்தேன். சுவரோரம் மட்டும் ஒரு பலகை ஓடியது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் ஃபாதர் தடுப்பைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “மேஸ்திரி, இப்ப எல்லா ஊர்லயும் ஜனங்க முகத்தைப் பாத்துப் பூசை வைக்கச் சொல்றாங்க. நீர் என்னை ஜெயில்ல போட்டுட்டீரே.”

“சத்தம் கேக்கும்ல ஃபாதர்?”

“கேக்கும்.”

“அப்பப் போதும். பீடத்துல வெள்ளிக் கிண்ணம் இருக்கு.”

அதுதான் மேஸ்திரி. படத்தில் உள்ள அழகெல்லாம் அவர் கைக்கு வந்தது. மனசுக்குப் பிடித்தது மட்டும் பூட்டு. தடுப்புக் கதவுக்குப் பூட்டு. வடக்குச் சுவரின் சின்னக் கதவுக்கு உள்தாழும் பூட்டும். காணிக்கைப் பெட்டிக்கு இரும்புப் பட்டை போட்டுப் பூட்டு. ஞானஸ்நானத் தொட்டிக்கு மூடி செய்து அதற்கும் ஒன்று. மந்திரித்த தண்ணீரை யாரும் திருடிச் சூனியத்துக்கு எடுத்துப்போகாமல் இருக்க அந்தக் காலத்தில் அப்படிப் பூட்டினார்கள் என்று நான்தான் படித்தேன்.

“மேஸ்திரி வாய்க்கும் ஒண்ணு போட்டுட்டா கோயில் பூர்த்தியாயிரும்” என்று என் அப்பா கிண்டல் செய்வார்.

“உம்ம வாய்க்குப் போட இரும்பு பத்தாதுவே” என்பார் அவர்.

ஒரு தடவை மட்டும் தானாகச் சொன்னார். கூரைக்கு மரஆணி இழைத்துக்கொண்டிருந்தார். “ரங்கூன்ல என் வீட்டுப் பத்திரம் ஒருத்தன் கையில இருந்துச்சு தம்பி. நல்ல கைதான். கூடப் பிறந்த கை.” இழைப்புளி நிற்கவில்லை.

இதையெல்லாம் கேட்டால் கல்நெஞ்சுக்காரர் என்று தோன்றும். பீட அறையின் தெற்குச் சுவரில் அவர் ஒரு சாய்வான துளை வைத்தார். உள்ளே வர முடியாத நோயாளிகள் வெளியே நின்று பீடத்தை மட்டும் பார்ப்பதற்காக அந்தக் காலத்தில் வைத்தது. எங்கள் ஊரில் அப்படி நோயாளி யாரும் இல்லை. என் அம்மாதான் இருந்தாள். மெழுகுவர்த்தி ஏற்றுவதைப் பார்க்க அவளுக்கு ஆசை, வேற்றுச் சாமியின் கோயிலுக்குள் கால் வைக்கப் பயம். அம்மாவின் கண் உயரத்தை எப்போது அளந்தாரோ, துளை சரியாக அங்கே இருந்தது. “நான் உள்ளே போகலை, எட்டித்தானே பாத்தேன்” என்று அம்மா வீட்டில் சொல்லிக்கொள்வாள்.

தோமா தாதாவின் பேத்திக்குப் பிறந்த மூன்றாம் நாள் மூச்சு இழுத்தது. ஞானஸ்நானம் பெறாமல் பிள்ளை போய்விடக் கூடாது, ஆனால் ஃபாதர் வர இரண்டு மாதம் இருந்தது. தொட்டி பூட்டியிருந்தது. மேஸ்திரி மரம் அறுக்கிற இடத்திலிருந்து சாவியைப் பிடித்துக்கொண்டு ஒரு மைல் ஓடிவந்தார். மூடியைத் திறந்து, கையால் தண்ணீர் அள்ளி, பிள்ளை தலையில் ஊற்றி, சொல்ல வேண்டியதைச் சொன்னார். பிள்ளை அவர் கையிலேயே அடங்கியது. அதைத் தாயிடம் கொடுத்தார், மூடியை மூடினார், பூட்டினார், பூட்டை இழுத்துப் பார்த்தார். அதற்கப்புறம்தான் அழுதார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அவர்மேல் பாசம் வந்ததா பயம் வந்ததா என்று இன்றைக்கும் தெரியவில்லை.

இனி பெட்டிக்கு வருகிறேன்.

ஊரில் பெரும்பாலானவர்கள் சர்க்கார் பட்டியல் போட்டுக் கொண்டுவந்தவர்கள். அவர்கள் நிலம் ரெஜிஸ்டரில் இருந்தது. நாங்கள் பதினோரு குடும்பம் அப்படி வரவில்லை. என் அப்பா காட்டு வேலைக் கூலி, ரஹ்மத்தம்மா புருஷனை இழந்தவள், மேஸ்திரி பர்மா. காய்ச்சலுக்குப் பயந்து சிலர் விட்டுவிட்டு ஓடிய நிலத்தைப் பழைய அதிகாரி எங்களுக்கு ஆளுக்கு ஐந்து ஏக்கர் பிரித்துக் கொடுத்து, கையால் ஒரு காகிதம் எழுதி, கையெழுத்தும் முத்திரையும் போட்டுத் தந்தார். பிறகு மாற்றலாகிப் போய்விட்டார். அந்தக் காகிதம் இல்லாவிட்டால் நாங்கள் சர்க்கார் நிலத்தில் குந்தியிருக்கிறவர்கள், அவ்வளவுதான்.

ஓலைக்கூரை ஒழுகும். கறையான் வேறு. ரஹ்மத்தம்மா ஒரு நாள் காகிதத்தை எடுத்துப் பார்த்தால் ஓரம் முழுக்க அரித்திருந்தது. முந்தானையில் ஏந்திக்கொண்டு தெருத் தெருவாக வந்தாள். ஊரிலேயே ஒழுகாத கூரை கோயில்தான். “மேஸ்திரி அண்ணே, எங்க காகிதத்தை உங்க சாமி வீட்டுல வைக்க இடம் இருக்கா?” என்று கேட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரி புத்தகத்தைத் திருப்பி ஒரு படத்தில் விரல் வைத்தார். ஒரே அடிமரத்தைக் குடைந்து செய்த பெட்டி. அதே மரத்தில் அறுத்த மூடி. மூன்று பூட்டு. நான் படித்தேன். ஒவ்வொரு ஊர்க் கோயிலிலும் இப்படி ஒன்று வைக்க வேண்டும், மூன்று சாவியும் மூன்று பேரிடம் இருக்க வேண்டும், மூவரும் கூடாமல் திறக்கக் கூடாது என்று ஒரு ராஜா கட்டளை போட்டிருந்தார்.

“எப்பப் போட்ட கட்டளை?”

“எழுநூறு வருஷம் இருக்கும் மேஸ்திரி.”

“எழுநூறு வருஷமா மனுஷன் திருந்தலைங்கிற. அப்பச் சரி.”

அந்தப் பத்தியில் இன்னும் நான்கைந்து வரி இருந்தது. நீளமான வாக்கியங்கள், கடினமான சொற்கள். எனக்குப் புரியவில்லை. அதைச் சொல்ல வெட்கப்பட்டு, “இதுதான் விஷயம்” என்று பக்கத்தைத் திருப்பிவிட்டேன்.

மரமும் வந்தது. மில்லுக்கு இழுத்துப்போன மரத்தெப்பம் ஒன்று கடலில் அறுந்து, படாக் என்கிற சிவப்பு மரத்தின் கட்டை ஒன்று எங்கள் கரையில் ஒதுங்கியது. அடியில் சிப்பி ஒட்டுகிற அளவுக்கு மிதந்திருந்தது. ஃபாரஸ்டர் கழிவு என்று எழுதிக் கொடுத்தார். மேஸ்திரிக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். “மிதந்து வந்த மரம் பக்குவப்பட்ட மரம் தம்பி. பச்சையெல்லாம் தண்ணியிலேயே போயிரும். ரங்கூன்ல துரை தன் வீட்டுக்கு அப்படி வந்த தேக்கைத்தான் எடுப்பான்.”

குடைய ஆரம்பித்ததும் ராஞ்சிக்காரர்கள் சூழ்ந்து நின்று, “க்யா மேஸ்திரி, டுங்கி பனாத்தா? மீன் பிடிக்கப் போறீங்களா?” என்று கேட்டார்கள். உண்மையிலேயே தோணி மாதிரிதான் இருந்தது. நான்கு விரற்கடை கனம். மூடியை இறக்கினால் முடி நுழையாது. சிவப்பு மரம் எண்ணெய் பூசியதும் ஈரல் மாதிரி மின்னியது. பீட அறையில் தடுப்புக்கு உள்ளே வைத்தார். பதினோரு காகிதமும் உள்ளே போயின. அவரவர் சாமி பெயரில் மூடிமேல் கை வைத்துச் சத்தியம் செய்தோம். மூன்று சாவி இல்லாமல் திறப்பதில்லை, உடைப்பதில்லை.

தப்பு நடந்தது சாவி பிரித்ததில். முதல் சாவி மேஸ்திரிக்கு. இரண்டாவது தோமா தாதாவுக்கு, அவர் ஊர்ப் பெரியவர். மூன்றாவதை யாருக்குக் கொடுப்பது என்றதும் எல்லாரும் ஒரே குரலாகப் போட் முதலாளி என்றார்கள். கோயிலுக்கு மணி கொடுத்தவர், மோட்டார் போட் வைத்து மர காண்ட்ராக்ட் எடுப்பவர், தூத்துக்குடிக்காரர். அவரை விட்டுவிட்டு ஒரு கூலிக்காரனிடம் சாவி கொடுத்தால் மரியாதையா? கோயில் கொடையில் முதல் மாலை போடுவதுபோல் அவருக்குத் துண்டு போர்த்திச் சாவியைத் தட்டில் வைத்துக் கொடுத்தோம். மாதத்தில் இருபத்தைந்து நாள் ஊரில் இல்லாத மனுஷன். அதை யாரும் யோசிக்கவில்லை. யோசித்தவர்களும் வாயைத் திறக்கவில்லை.

அவர் வரும்போது தாதாவுக்குக் காய்ச்சல். தாதா எழுந்தபோது முதலாளி ரங்கத் ஊருக்குப் போயிருந்தார். இப்படியே இரண்டு மழைக்காலம் போனது. பெட்டி ஒரு தடவைகூடத் திறக்கவில்லை. நடுவில் நான் கேட்டேன், “மேஸ்திரி, திறக்கும்போது எல்லாத்தையும் ஒரு நோட்டுல நகல் எழுதி வச்சிரட்டுமா?”

“நகல் வெளியே இருந்தா பூட்டு எதுக்கு?” என்றார்.

தாசில்தார் வருகிறார் என்று இரண்டு நாள் முன்னால்தான் செய்தி வந்தது. புதிதாக நிலமெல்லாம் ரெஜிஸ்டர் ஆகிறது. காகிதத்தைக் கையில் காட்டுகிறவன் பெயர் ஏறும். காட்டாதவன் பெயர் ஆக்கிரமிப்புப் பட்டியலில் ஏறும். காலை பத்து மணிக்கு உட்காருவார், மூன்று மணிக்கு நீர் இறங்குமுன் போட் கிளம்பும். சாவியைக் கொண்டுவர அனுப்பிய ஆள் வெறுங்கையோடு வந்தபோது மணி பதினொன்று.

மேஸ்திரி பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார்.

என் அப்பா முதலில் கெஞ்சினார். பிறகு திட்டினார். “எட்டு வருஷம் அட்டைக்கடி பட்டுக் காட்டை வெட்டினேன்வே! உம்ம பூட்டுக்கா வெட்டினேன்?”

“நானும்தான் வெட்டினேன். என் காகிதமும் இதுக்குள்ளதான் இருக்கு” என்றார் மேஸ்திரி. குரல் உயரவில்லை. “இன்னைக்கு நல்ல காரியத்துக்குன்னு உடைப்பீங்க. நாளைக்கு ஒருத்தன் கெட்ட காரியத்துக்கு உடைப்பான். அவனும் நல்ல காரியம்னுதான் சொல்லுவான்.”

தோமா தாதா தன் சாவியை மூடிமேல் வைத்தார். “மேஸ்திரி, தோடோ. உடைச்சிரு. பகவான் பூட்டுல இல்ல, பாய்.”

“சத்தியம் பண்ணினோம் தாதா.”

இரண்டு பேர் அவரைத் தூக்கப் போனார்கள். யாரோ தடுத்தார்கள். மூடிமேல் வைத்த கை எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது. பள்ளிக்கூடத்துக்கும் கோயிலுக்குமாக நான் ஓடினேன். தாசில்தார் கெட்டவர் இல்லை, சின்ன வயசு. “காகஸ் லாவ் மாஸ்டர்ஜி, காகிதம் கொண்டாங்க, எழுதிடறேன், நானும் எத்தனை நேரம் உட்கார?” என்று கடிகாரத்தைக் காட்டினார்.

கடைசியில் ரஹ்மத்தம்மா தடுப்பைத் தாண்டி உள்ளே வந்தாள். சத்தியம் செய்த நாளுக்கு அப்புறம் பெண்கள் யாரும் அதற்குள் கால் வைத்ததில்லை. “அண்ணே, பாவத்தை என் பேர்ல எழுதிக்கச் சொல்லுங்க உங்க சாமிகிட்ட. நான் எங்க அல்லாகிட்டயும் சொல்லிக்கிறேன். ரெண்டு இடத்துலயும் நானே பதில் சொல்றேன். எந்திரிங்க.”

மேஸ்திரி எழுந்தார். கோடரியோடு வந்தவனைத் தள்ளினார். “என் மரத்தை நான்தான் உடைப்பேன்.” உளியும் கொட்டாப்புளியும் எடுத்து மூன்றாம் பூட்டைச் சுற்றிக் கொத்தினார். தன் வேலையை எங்கே அடித்தால் விடும் என்று அவருக்குத் தெரியும். இருந்தும் முக்கால் மணி நேரம் ஆனது. அவ்வளவு நன்றாகச் செய்திருந்தார்.

மூடி எழும்பியதும் வாடை வந்தது. ஈரச் சாக்கு வாடை. உள்ளே காகிதம் இல்லை. அடியில் செங்கல் மாதிரி ஒரு சிவப்புக் கட்டி இருந்தது. பதினோரு காகிதமும் ஒன்றாக ஒட்டி, மரத்தின் சாயம் இறங்கி, மேலே பூஞ்சை வெள்ளையாகப் படர்ந்திருந்தது. நான் நகத்தால் பிரித்தேன். பிரித்தது விரலில் கூழாக வந்தது. பேனா மை இருந்த இடமே தெரியவில்லை. என் அப்பா, “படி, படிச்சுப் பாரு, நீ படிச்சவன்தானே” என்று என் தோளை உலுக்கிக்கொண்டே இருந்தார்.

தாசில்தார் தாமே வந்து பார்த்தார். கட்டியைத் தொட்டார், கைக்குட்டையில் விரலைத் துடைத்தார். “மே க்யா கரூன்? நான் என்ன செய்யட்டும்?” என்று என்னைத்தான் கேட்டார். மூன்று மணிக்கு போட் போனது. பதினோரு பெயரும் மற்றப் பட்டியலில் ஏறின.

எல்லாரும் போன பிறகும் மேஸ்திரி பெட்டிக்குள் குனிந்தபடி இருந்தார். உள்சுவர் வியர்த்திருந்தது. விரலால் தடவி நாக்கில் வைத்தார். என்னைப் பார்த்தார்.

“உப்பு” என்றார். விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு, “ரங்கூன்ல மரம் ஆத்துல மிதந்து வரும் தம்பி” என்றார்.

கடல் உப்பு ஏறிய மரம் மழைக்காலமெல்லாம் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்திருக்கிறது. காற்றே நுழையாத மூடி அதை உள்ளேயே வைத்துக்கொண்டது.

ஒரு வாரம் கழித்துப் புத்தகத்தோடு பள்ளிக்கூடத்துக்கு வந்தார். “அந்தப் பக்கத்தை இன்னொரு தடவை படி. ஒரு எழுத்து விடாம.” நான் அகராதி வைத்துக்கொண்டு படித்தேன். விட்டுப்போன வரிகளில் இருந்தது: சாவிக்காரர்கள் மூவரும் ஊரை விட்டுப் போகாதவர்களாக இருக்க வேண்டும், வருஷத்துக்கு நான்கு தடவை ஊர் முன்னால் பெட்டியைத் திறந்து, உள்ளே இருப்பதை வெளியே பரப்பிச் சரிபார்க்க வேண்டும்.

“இதை ஏன் அன்னைக்குச் சொல்லல?”

“புரியல மேஸ்திரி. விட்டுட்டேன்.”

“புரியலன்னு சொல்லியிருக்கலாமே.”

நான் அகராதியை மூடினேன். உலகத்தில் யாரையும் நம்பாத அந்த மனுஷன் பூட்டுப் போடாமல் விட்ட ஒரே இடம் என் வாய்தான் என்று அப்போதுதான் உறைத்தது. அவர் திட்டவில்லை. புத்தகத்தை என் மேசையிலேயே விட்டுவிட்டு எழுந்தார். “சரி தம்பி. நீயும் மனுஷன்தானே” என்றார்.

நான் பத்தொன்பது மனு எழுதினேன். ஒவ்வொரு தடவையும் பதினோரு பேர் கையெழுத்து வேண்டும். மேஸ்திரி ஒன்றிலும் போடவில்லை. “என் பேரை விட்டுரு” என்பார். அடுத்த வருஷம் எங்கள் தாழ்ந்த வயல் முழுவதையும் புதிதாக வந்தவர்களுக்கு அளந்து கொடுத்தார்கள். மேஸ்திரி ஒரு கப்பல் நாளில் தகரப் பெட்டியோடு ஜெட்டிக்குப் போனதைப் பார்த்ததாகச் சொன்னார்கள். எங்கே இறங்கினார் என்று யாருக்கும் தெரியாது. ரஹ்மத்தம்மா ஜங்லிகாட்டில் ஒரு வீட்டில் பாத்திரம் துலக்குகிறாள். இரண்டு குடும்பம் மெயின்லாண்டுக்கே திரும்பிவிட்டது. மீதி ஏழு குடும்பத்துக்கு நாலாம் வருஷம் ஓர் ஆர்டர் வந்தது. மேட்டு நிலம் மட்டும் வைத்துக்கொள்ளலாம், வீட்டுக்கு இரண்டு ஏக்கர், ஆக்கிரமிப்புக்கு அபராதம் குடும்பத்துக்கு இருநூற்றுத் தொண்ணூறு ரூபாய். என் அப்பா எருமையை விற்றார். ஐம்பத்தைந்து ஏக்கரில் பதினான்கு திரும்பி வந்தது. அதற்கு ஏழு குடும்பமும் சேர்ந்து கட்டியது இரண்டாயிரத்து முப்பது ரூபாய்.